குற்றாலத்தில் ஒரு நாள்... சும்மா!

"நூத்தம்பதுக்கு நூறு" என்றார் டாக்டர்.

எங்கள் ஊர் புளியங்குடி. எலுமிச்சைக்குப் பேர் போன ஊர். இங்கே யார் நம்பர் சொன்னாலும் அது எலுமிச்சை விலை என்றுதான் காது எடுத்துக்கொள்ளும். "மூட்டைக்கா சார்?" என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் என் கையில் சுற்றியிருந்த பட்டையை 'பர்'ரென்று பிரித்தார்.

"உங்க ரத்த அழுத்தம்! வயசு?"

"முப்பத்தெட்டு."

"வேலை?"

"ஆபீஸ்ல கணக்குப் பிரிவு சார்."

"அதானே பார்த்தேன்" என்றவர் பேனாவை எடுத்தார், வைத்தார். "மாத்திரை இப்ப வேண்டாம். ஒரு மாசம் பார்ப்போம். உப்பைக் குறைங்க. தினமும் நடங்க. அப்புறம்... முழுசா ஒரு நாள் சும்மா இருந்து எவ்வளவு காலமாச்சு?"

யோசித்தேன். பதில் வரவில்லை. கணக்குப் பிரிவுக்காரனுக்குக் கணக்கு வராத முதல் கேள்வி!

"அதைக் கத்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார்.

சும்மா இருப்பது என்ன பெரிய வித்தையா? அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்தேன். காலை பத்து மணிக்குள் கரண்ட் பில் கட்டியிருந்தேன், ஃபேன் துடைத்திருந்தேன், பையனின் கணக்கு நோட்டைத் திருத்தி அவனை அழ வைத்திருந்தேன், ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஆறு பேருக்குப் பதில் போட்டிருந்தேன். மத்தியானம் தலை வலித்தது.

ஜப்பான் மாப்பிள்ளை

இந்த நேரம் பார்த்து என் மைத்துனன் வந்து இறங்கினான். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கம்பெனி செலவில் மூன்று மாதம் ஜப்பானில் இருந்துவிட்டு வந்த புது மெருகு. காபி கொடுத்தால் குனிகிறான். தண்ணீர் கொடுத்தால் குனிகிறான். அவன் அக்காவுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான், நானும் பதிலுக்குக் குனிய வேண்டுமோ என்று குழப்பம்.

"அத்தான், நீங்க ஹகோனே போகணும்" என்று ஆரம்பித்தான். "டோக்கியோவிலிருந்து ரயில்ல ஒன்றரை மணி நேரம். மலை ஊர். எரிமலை இருக்கு. பூமிக்குள்ள இருந்து வெந்நீர் தானா வருது. அதுல போய் உட்கார்ந்துக்க வேண்டியதுதான். அந்த மாதிரி வெந்நீர் ஊற்றுக்கு ஆன்சென்னு பேரு. கந்தக ஆவியில முட்டை அவிச்சுத் தர்றாங்க. ஓடு கன்னங்கரேல்னு இருக்கும். ஒண்ணு தின்னா ஏழு வருஷம் ஆயுசு கூடும்னு அவங்க நம்பிக்கை."

"நீ எத்தனை தின்ன?"

"அஞ்சு."

"அப்ப முப்பத்தஞ்சு வருஷம் நீ எங்க வீட்டுக்கு வந்துக்கிட்டே இருப்பே" என்றேன். உள்ளேயிருந்து ஒரு கரண்டி டம்ளர் மீது வேகமாக வைக்கப்படும் சத்தம் கேட்டது.

திண்ணையில் சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எழுபத்தொரு வயது. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். சைக்கிள் மிதித்தே உடம்பை நெல்லிக்காயாக வைத்திருப்பவர். நிதானமாகச் சொன்னார்:

"ஏலே, நாப்பது கிலோமீட்டர்ல குத்தாலத்தை வச்சிக்கிட்டு ஜப்பானுக்கு எதுக்குடே? அங்க கீழேயிருந்து சூடா வருது. இங்க மேலேயிருந்து குளுமையா விழுது. எது நல்லாருக்கும்னு நீயே சொல்லு."

முடிவாயிற்று. செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. மாப்பிள்ளை உடனே போனை எடுத்து ஒரு பட்டியல் தயாரித்தான். 6.00 பேரருவி. 7.15 சிற்றருவி. 8.30 ஐந்தருவி. 10.00 புலியருவி. 11.30 பழைய குற்றாலம். 1.00 பார்டர் பரோட்டா...

சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மாப்ளே, இது குளிக்கப் போற லிஸ்டா, இல்ல ஆபீஸுக்கு ஆடிட் வருதா? நீரு ஒண்ணு செய்யும். காலையில ஒரு அருவி, சாயங்காலம் ஒரு அருவி. நடுவுல ஒண்ணும் கிடையாது."

"ஒண்ணும் கிடையாதுன்னா... நடுவுல என்ன பண்றது மாமா?"

"அதுக்குத்தானவே போறோம்!"

குளித்துவிட்டுக் குளிக்கப் போனவர்

விடியற்காலை நாலு மணிக்குக் கொல்லைப்புறத்தில் தண்ணீர்ச் சத்தம். எட்டிப் பார்த்தால் சித்தப்பா. தலையோடு கால் நல்லெண்ணெய் பூசி ஊறவைத்து, சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அத்தான், குளிக்கப் போறதுக்கு முன்னாடியே குளிச்சிட்டு வர்றாரு மாமா!"

ஐந்து மணி பஸ். புளியங்குடியில் ரயில் கிடையாது. எங்களுக்கு எல்லாமே ராஜபாளையம் - தென்காசி ரோடுதான். குற்றாலம் போகிறவர்களுக்கு ஒரு ரகசியம்: பஸ்ஸில் வலது பக்க ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள். வழி நெடுக மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். சொக்கம்பட்டி வரை அது கறுப்பாக ஒரு சுவர். கடையநல்லூர் தாண்டும்போது பொழுது விடிந்து, சுவர் பச்சையாகி, தலையில் பஞ்சு கட்டிக்கொண்டு நிற்கும். தென்காசியை நெருங்கும்போது முகத்தில் ஊசி ஊசியாக ஏதோ குத்தும்.

மழை இல்லை. பனியும் இல்லை. சாரல்.

"அது எப்படி அத்தான், நம்ம ஊர்ல வெயில், இங்க மட்டும் ஏ.சி.?" என்றான் மாப்பிள்ளை.

விஷயம் இதுதான். ஜூனில் தென்மேற்குப் பருவமழை கேரளாவில் இறங்குகிறது. மேகங்களை மலை மறித்துக்கொள்கிறது. தண்ணீரையெல்லாம் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வெறும் காற்றாகத்தான் மேகம் நம் பக்கம் வரும். ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம் மலை கொஞ்சம் தணிந்து ஒரு கணவாய் இருக்கிறது. மேகம் அந்தச் சந்து வழியாகத் திருட்டுத்தனமாக நுழைந்துவிடுகிறது. அதுதான் தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்துக்கு மட்டும் கிடைக்கும் ஆனி, ஆடி, ஆவணிச் சாரல். இத்தனைக்கும் ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உயரமான ஊரில்லை குற்றாலம். கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர்கூடக் கிடையாது! உயரம் இல்லாமலே குளிரும் ஊர்.

இந்தச் சுகத்தை வெள்ளைக்காரன் அப்போதே மோப்பம் பிடித்துவிட்டான். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே துரைமார்கள் உடம்பு தேற்றிக்கொள்ள இங்கே வந்து தங்கினார்கள். வந்தவர்கள் சும்மா இருக்காமல் கிராம்பு, ஜாதிக்காய் என்று வாசனைத் தோட்டமும் போட்டார்கள். 'தென்னகத்தின் ஸ்பா' என்ற பட்டம் அவர்கள் பழக்கிவிட்ட இங்கிலீஷ்தான். சுற்றுலா விளம்பரங்களில் இன்றைக்கும் அதைப் பார்க்கலாம்.

ஜப்பான்காரன் எப்படிக் குளிக்கிறான்?

தென்காசியில் பஸ் மாறி, குற்றாலத்தில் இறங்கி, பேரருவியை நோக்கி நடந்தோம். சத்தம் முதலில் வந்தது. அருவி அப்புறம்தான் வந்தது.

மாப்பிள்ளை பையைத் திறந்து சோப்பு டப்பாவையும் ஷாம்பு பாக்கெட்டையும் எடுத்தான். சித்தப்பா அவன் கையைப் பிடித்தார். "உள்ள வையும்."

சொல்ல வேண்டிய விஷயம் இது. குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு போட்டுக் குளிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டிருக்கிறது. ஒரு காலத்தில் பேரருவிக்குப் போகிற வழியெல்லாம் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எண்ணெய்க் குளியல் இல்லாமல் குற்றாலமா என்பார்கள். அந்த எண்ணெயும் நுரையும் எங்கே போயிற்று? கீழே சிற்றாற்றுக்குத்தான். சிற்றாறு இந்த மலையில் பிறந்து, தென்காசியைத் தொட்டு, வழி நெடுக வயலுக்கும் குளத்துக்கும் தண்ணீர் கொடுத்து, சீவலப்பேரிப் பக்கம் தாமிரபரணியில் சேருகிற ஆறு. நாம் தேய்த்துக் கழுவுகிற அழுக்கு அடுத்த ஊர்க்காரன் குடத்துக்குப் போகும்.

"அதான் நான் எண்ணெயை வீட்டோட முடிச்சிட்டு வந்தேன்" என்றார் சித்தப்பா. "அருவி அழுக்குப் போக்குற இடமில்லவே. அழுக்கை வீட்ல விட்டுட்டு வந்து நிக்கிற இடம்."

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அத்தான், ஜப்பான்லயும் இதேதான்" என்றான், ஏதோ திருட்டைக் கண்டுபிடித்த மாதிரி.

வெந்நீர் ஊற்றுக் குளியலறைக்குள் நுழைந்ததும் யாரும் நேராகத் தொட்டிக்குப் போவதில்லையாம். சுவரோரமாகச் சின்னச் சின்ன முக்காலிகள். ஒவ்வொருவரும் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, நுரை போக அலசி முடித்த பிறகுதான் ஊற்றுத் தண்ணீரில் காலை வைக்க வேண்டும். தொட்டிக்குள் சோப்பு கூடாது. கையிலிருக்கும் சின்னத் துண்டைக்கூட தண்ணீரில் நனைக்கக் கூடாது. மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். சத்தம் போடக் கூடாது. நீச்சலடிக்கக் கூடாது. ஒட்டுத்துணி கூடாது!

"என்னது?" என்றேன்.

"ஆமா அத்தான். ஆம்பிளைக்குத் தனி இடம், பொம்பளைக்குத் தனி இடம். ஆனா உள்ளே யாருக்கும் ஒரு துணி கிடையாது. முதல் நாள் நான் கால் மணி நேரம் பீரோவுக்குப் பின்னாலயே நின்னேன்."

சித்தப்பா தன் கோவணத்தை ஒரு தடவை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

எதை வெந்நீர் ஊற்று என்று சொல்லலாம் என்பதற்கு ஜப்பானில் சட்டமே இருக்கிறது. 1948-ல் போட்டது. ஊற்றில் வெளிவரும்போது தண்ணீர் 25 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் குறிப்பிட்ட தாது உப்புகள் அதில் இருக்க வேண்டும். தண்ணீரில் என்ன இருக்கிறது, எந்த நோய்க்காரர்கள் இறங்கக் கூடாது என்று போர்டு வைப்பதும் சட்டப்படி கட்டாயம். குசட்ஸு என்று ஒரு ஊர். அங்கே ஊற்று 50 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. பச்சைத் தண்ணீர் கலந்தால் ஊற்றின் குணம் நீர்த்துப்போகுமென்று, பெண்கள் நீளமான பலகைகளால் பாட்டுப் பாடிக்கொண்டே துழாவித் துழாவி ஆற்றுவார்களாம். நாம் பால் ஆற்றுகிற மாதிரி!

"தண்ணிக்கு அவ்வளவு மரியாதை" என்றான் மாப்பிள்ளை. சோப்பு டப்பா பைக்குள் போயிருந்தது.

தலையில் ஒரு கடல்

செவ்வாய்க்கிழமை என்பதால் கூட்டம் தாங்கும்படி இருந்தது. ஞாயிற்றுக்கிழமையென்றால் அருவியில் பாதி, பக்கத்து ஆளின் முழங்கையில் பாதி என்று குளிக்க வேண்டும்.

பேரருவியின் அழகு அதன் உயரத்தில் மட்டும் இல்லை. மேலேயிருந்து வரும் தண்ணீர் ஒரே மூச்சில் நம் தலையில் விழுந்தால் கழுத்து தாங்காது. பாதி வழியில் பாறை ஒரு பள்ளம் வைத்திருக்கிறது. 'பொங்குமாங்கடல்' என்று பேர். தண்ணீர் அதில் விழுந்து, கோபம் ஆறி, பொங்கி வழிந்து அப்புறம்தான் நம்மிடம் வருகிறது. அதனால்தான் கிழவரும் குழந்தையும் அடியில் நின்று குளிக்க முடிகிறது.

போய் நின்றேன்.

முதல் அடி தோளில் விழுந்தது. மூச்சு ஒரு நிமிஷம் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்தது. அப்புறம் தலை. காதுக்குள் 'ஓ'வென்று ஒரே சத்தம். அந்தச் சத்தத்தில் வேறெதுவும் நுழைய முடியாது. மார்ச் கணக்கு நுழைய முடியாது. மேலதிகாரியின் குரல் நுழைய முடியாது. வீட்டு லோன் தவணை எட்டிப் பார்த்துவிட்டு, நனைந்துபோய்த் திரும்பிற்று.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வெளியே வந்தபோது பல் கிடுகிடுவென்று ஆடியது. மனசு ஆடாமல் இருந்தது. "மூலிகைத் தண்ணி" என்றார் பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர். மூலிகையோ என்னவோ... அரை மணி நேரம் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை என்பதே பாதி மருந்து.

குளித்த பசி என்று ஒன்று இருக்கிறது. அது சாதாரணப் பசிக்குப் பெரியப்பா. ஆறு இட்லி போன இடம் தெரியவில்லை. உப்பைக் குறைக்கச் சொன்னது ஞாபகம் வந்து, மிளகாய் பஜ்ஜியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். கடை ஓரத்தில் மங்குஸ்தான் குவித்திருந்தார்கள். சீசன் பழம். கறுஞ்சிவப்புத் தோலை அமுக்கி உடைத்தால் உள்ளே வெள்ளைச் சுளை. அதற்கு டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.

நடுவிலே ஒன்றும் இல்லை

இனி சாயங்காலம் வரை வேலை எதுவும் இல்லை. எனக்குக் கை நடுங்கிற்று. மாப்பிள்ளை மூன்று தடவை பாக்கெட்டைத் தடவினான். போன்கள் சித்தப்பா பைக்குள்!

குற்றாலநாதர் கோவிலுக்குள் போனோம். சங்கு வடிவத்தில் அமைந்த கோவில். தலமரம் குறும்பலா. பக்கத்திலேயே தனியாகச் சித்திர சபை. நடராஜர் ஆடும் ஐந்து சபைகளில் ஒன்று. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம். இங்கே அவர் சிலை இல்லை, சித்திரம். மற்ற ஊர்களில் உலோகத்தில் ஆடுகிறவர், இந்தக் குளிரில் சுவரில் போர்த்திக்கொண்டு ஆடுகிறார் போலிருக்கிறது.

வெளியே ஒரு குரங்கு மாப்பிள்ளையின் வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டது. கேட்டு வாங்கவில்லை. "விடும், அதுக்குப் பாத்தியதை உண்டு" என்றார் சித்தப்பா. உண்மைதான். திரிகூடராசப்பக் கவிராயர் பக்கத்து மேலகரத்துக்காரர். திருக்குற்றாலக் குறவஞ்சியில் இந்த ஊர்க் குரங்குகளுக்குக்கூட ஒரு இடம் கொடுத்துப் பாடியவர். அந்தப் பாட்டுக்குப் பரிசாக மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் நிலம் கொடுத்தார். 'குறவஞ்சி மேடு' என்று அதற்குப் பேர். நமக்கு ஒரு இன்கிரிமென்ட்டுக்கு எத்தனை மனு!

சும்மா இருப்பதைக் கலையாகவே செய்தவர் ஒருவரும் இந்த ஊரில் இருந்தார். ரசிகமணி டி.கே.சி. வக்கீலுக்குப் படித்தவர். வக்கீல் தொழிலைவிடக் கம்பனைத்தான் அதிகம் பார்த்தார். நெல்லையில் அவர் வீட்டு 'வட்டத்தொட்டி'யில் நண்பர்கள் கூடுவார்கள். ஒரு பாட்டை எடுத்தால் அவசரமே கிடையாது. சொல்லிச் சொல்லி, நிறுத்தி நிறுத்தி, ருசித்து முடிக்கும்போது பொழுது போயிருக்கும். பிறகு குற்றாலத்துக்கே குடிவந்துவிட்டார். ராஜாஜியும் கல்கியும் அவருக்கு நெருங்கிய நண்பர்கள். 1954-ல் காலமாகும்வரை அவர் இருந்த ஊர் இது. நூறு பாட்டு ஓட்டமாகப் படிப்பதைவிட ஒரு பாட்டை நின்று கேட்பவர். எங்கள் சித்தப்பாவின் அருவி சித்தாந்தமும் அதுதானே!

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, தங்கும் விடுதியின் வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்தோம். சாரல் கம்பி வழியாக வந்து காலை நனைத்தது. தூங்கிவிட்டேன். பட்டப்பகலில், வேலை நாளில், கனவுகூட இல்லாமல். கடைசியாக அப்படித் தூங்கியது பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அன்று.

விசில்

நாலு மணிக்கு ஐந்தருவி. பேருக்கேற்ற மாதிரி ஐந்து கிளையாக விழுந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே மேகம் விலகி வெயில்கூட எட்டிப் பார்த்தது. ஜாலியாக இறங்கினோம்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். சித்தப்பா சட்டென்று நிமிர்ந்து பாறை உச்சியைப் பார்த்தார். தண்ணீரில் இரண்டு பச்சை இலை வந்தது. அப்புறம் ஒரு சுள்ளி. அருவிச் சத்தம் கொஞ்சம் கனத்த மாதிரி இருந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது.

"வெளிய வாங்கடே."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, போலீஸ் விசில் ஊதியது. எல்லோரும் கரைக்கு வந்துகொண்டிருந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளையைக் காணோம். அருவிக்கு அடியில் நின்று போனை உயரத் தூக்கிப் பிடித்திருந்தான். பையிலிருந்து எப்போது எடுத்தானோ!

"ஒரே நிமிஷம் அத்தான்! ஒரே ஒரு வீடியோ!"

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. ஆபீஸில் கோபத்தை விழுங்கி விழுங்கியே பி.பி. வாங்கினவன் நான். அன்றைக்கு விழுங்கவில்லை. இறங்கிப் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்து, தரதரவென்று படிக்கட்டு வரை இழுத்து வந்தேன். அவன் ஏதோ சொன்னான். காதில் விழவில்லை.

படியில் ஏறி நின்று திரும்பினோம். ஐந்து நிமிஷம் இருக்கும். வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது. ஐந்து கிளை ஒன்றாயிற்று. மாப்பிள்ளை நின்றிருந்த பாறையைத் தேடினேன். இல்லை. தண்ணீர்தான் இருந்தது.

கரையில் அத்தனை பேர் நின்றோம். ஒருவரும் பேசவில்லை.

இதன் சூட்சுமத்தைச் சித்தப்பாதான் விளக்கினார். கீழே வெயிலடித்தாலும் மேலே காட்டில் மழை கொட்டலாம். மலை செங்குத்து. பாறை தண்ணீரைக் குடிக்காது. மேலே விழுந்த மழை நிமிஷக் கணக்கில் கீழே வந்து நிற்கும். வானத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. தண்ணீரைப் பார்க்க வேண்டும். நிறம் கலங்கினால், இலை தழை வந்தால், சத்தம் மாறினால் ஒரு கேள்வியும் கேட்காமல் வெளியே வந்துவிட வேண்டும். 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் இப்படித்தான் திடீரென்று வெள்ளம் வந்தது. சீசன்கூட இல்லை, கோடை மழை. குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். அவனும் ஒரு நாள் சந்தோஷமாக இருக்கலாம் என்று வந்தவன்தான்.

மாப்பிள்ளையின் கையில் என் விரல் தடம் சிவந்திருந்தது. "ஜப்பான்ல..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. சித்தப்பா தன் காய்ந்த துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டிவிட்டார், சின்னப் பிள்ளைக்குத் துவட்டுகிற மாதிரி.

"மாமா, அந்தப் போன்ல இருக்கிறதை அழிச்சிட்டேன்" என்றான் கொஞ்ச நேரம் கழித்து.

"அழிக்காதேயும். அடுத்த தடவை வரும்போது எடுத்துப் பார்த்துட்டு வாரும்."

திரும்பும் வழி

தென்காசியில் இறங்கி காசி விசுவநாதர் கோவில் வாசலில் கொஞ்ச நேரம் நின்றோம். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோவில். பழைய ராஜகோபுரம் பாழ்பட்டு, ரொம்பக் காலம் மொட்டையாகவே நின்று, 1990-ல்தான் மறுபடி முழுசாக எழுந்தது. அந்தக் கோபுர வாசல் காற்று பிரசித்தம். ஆளைத் தள்ளும். மூன்று பேரும் வேட்டியையும் பேன்ட்டையும் காயவைத்துக்கொண்டு நின்றோம். ஒரு கோபுரத்துக்கு அவசரமில்லை. நமக்கென்ன?

பஸ்ஸில் மாப்பிள்ளை கணக்குப் பார்த்தான். "போட்ட லிஸ்ட்ல ரெண்டே ரெண்டு அருவிதான் அத்தான் முடிஞ்சிருக்கு."

"முழுசா முடிஞ்சிருக்கா?"

"முழுசா" என்றான். சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான்.

ஒரு மாதம் கழித்து டாக்டரிடம் போனேன். இடையில் தினமும் நடந்திருந்தேன். ஊறுகாயைத் தள்ளி வைத்திருந்தேன். எலுமிச்சை ஊர்க்காரனுக்கு அது சின்னத் தியாகமில்லை! இரண்டு செவ்வாய்க்கிழமை போனை அணைத்துவிட்டு வராந்தாவில் படுத்திருந்தேன். பட்டை இறுகியது, தளர்ந்தது.

"நூத்து முப்பத்திரண்டுக்கு எண்பத்தாறு. பரவாயில்லையே! என்ன பண்ணீங்க?"

கதை முழுவதும் சொன்னேன். வெளியே பதினேழு பேர் டோக்கனோடு காத்திருந்தார்கள். மேஜையில் இரண்டு போன் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் இரண்டையும் பார்த்தார். கதவைப் பார்த்தார். அப்புறம் குரலைத் தணித்துக் கேட்டார்:

"அந்த அஞ்சு மணி பஸ்... எங்க நிக்கும்?"

போகிறவர்கள் கவனத்துக்கு...

● சீசன் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. சனி, ஞாயிறு தவிர்த்தால் அருவி உங்களுக்கு. இல்லாவிட்டால் நீங்கள் கூட்டத்துக்கு.

● எண்ணெய், சோப்பு, ஷாம்பு எல்லாம் வீட்டோடு. அருவிக்கு வெறும் உடம்பும் ஒரு துண்டும் போதும்.

● பேரருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தொட்டு விழ ஆரம்பித்தால் குளிக்க விட மாட்டார்கள். கெஞ்சாதீர்கள். கரையிலிருந்து பார்ப்பதும் சுகம்தான்.

● மலைக்கு மேலே இருக்கும் செண்பகாதேவி, தேனருவிக்கு வனத்துறை பொதுவாக அனுமதிப்பதில்லை. குறுக்கு வழி காட்டுகிறேன் என்பவர் பின்னால் போகாதீர்கள்.

● குடித்துவிட்டு அருவியில் இறங்காதீர்கள். வழுக்கும் பாறைக்கு உங்கள் வீட்டு விலாசம் தெரியாது.

● இதயக் கோளாறு, அதிக ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. அவரும் கூட வந்தாலும் வரலாம்!